புதிய கீற்றில் திற

எங்கள் வீட்டு மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மகளுடைய ஆபீசில் வேண்டாம் என்று கழித்தது. அவள் கொடுங்கையூரிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இறக்கினாள். எல்லாம் அவள் தம்பிக்காகத்தான். அவன் சரக்குக் கப்பலில் மெஷின் ரூம் வேலை பார்க்கிறான். நடுக்கடலில் போன் எடுக்காது. மெயில் மட்டும் வரும்.

எனக்கு அது வசதியாகவே போயிற்று. போனில் பேசுவதென்றால் சொந்தப் பிள்ளையிடம் கூட எனக்கு வேர்த்துக் கொட்டும். "அப்புறம்?" என்று அவன் கேட்பான், "அப்புறம் ஒண்ணுமில்ல" என்பேன், வைத்த பிறகுதான் நூறு விஷயம் ஞாபகம் வரும். மெயிலில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்து, நிதானமாக யோசித்து, நாலு வரி தட்டினால் போதும். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்பதால் மகள் அந்த மெயில் பெட்டி முழுவதையும் தமிழிலேயே வைத்துக் கொடுத்திருந்தாள்.

ஒரே ஒரு கஷ்டம்தான். ஒரு கடிதத்தை அழுத்தினால் அது போட்டோவுக்கு மாட்டுகிற மாதிரி தனியாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு திறக்கும். அடுத்ததை அழுத்தினால் அதே அளவில் இன்னொன்று வந்து, முதலில் இருந்ததை அப்படியே மறைத்துக்கொண்டு நிற்கும். மூடுவதற்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சிலேட்டில் அந்தக் குறியைப் போட்டால் தப்பு என்று அர்த்தம். பிள்ளை எழுதிய கடிதத்தின் மேல் போய் அதை எப்படி அழுத்துவது? அழுத்தினால் கடிதம் அழிந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். அதனால் நான் எதையும் மூடவில்லை. வீட்டுக்காரரும் மெஷினை அணைப்பவர் அல்ல. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஓடுகிற மெஷினை எதற்கு நிறுத்த வேண்டும் என்பார்.

மழை முடிந்து பனி தொடங்கிய சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை கப்பல் மெட்ராஸ் ஹார்பருக்கு வருகிறது, மத்தியானம் கேட்டுக்கு வெளியே வருவேன், சாயங்காலத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தான். போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம், யார் நம்பரும் மனப்பாடம் இல்லையாம். போன ஈஸ்டருக்குப் பிறகு நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. அடுப்பில் மீன் இருந்ததால் அரைகுறையாகப் படித்தேன். கப்பல் எண்ணூருக்குப் போகிறது என்று இருந்த மாதிரிதான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். வீட்டுக்காரர் டிவியில் மூழ்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எந்த கேட் என்று பார்க்க எதை எதையோ தட்டி முதல் கடிதத்தை மறுபடி திறந்தார். அது எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை காலையில் அதைத்தான் அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

"எண்ணூர்னு எழுதியிருந்தானே," என்றேன்.

"எங்க கீது? காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை. எதை அழுத்தினாலும் அந்த மெஷின் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி அசையாமல் நின்றது.

"கனா கண்டுகினு சொல்றியா மே நீ? பையன் எழுதினது கண்ணெதிர்ல கீது, ஹார்பர்னு." அவர் சவரம் பண்ணிக்கொள்ள சலூனுக்குப் போய்விட்டார்.

சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கேட்டில் நாங்கள் நிற்க, அந்தக் கேட்டில் அவன் நிற்க, கப்பல் கிளம்பிவிட்டால்? மகளுக்குப் போன் போட்டேன். அவள் எத்தனை கடிதம் திறந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். எல்லாவற்றையும் என்றேன்.

"யம்மா, அந்தப் பெருக்கல் குறிய ஒண்ணொண்ணா அழுத்துமா."

"தப்புக் குறியையா?"

"தப்பும் இல்ல, ரைட்டும் இல்ல. கதவச் சாத்தற மாதிரி அது. லெட்டரு உள்ளதான் கீது, எங்கயும் போவாது."

அதற்குள் மெஷின் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. திரையின் அடிவரிசையில் தட்டித் தட்டி, போனால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒன்றைத் தேடினேன். கப்பல் சமையல்காரன் வைக்கும் சாம்பாரைத் திட்டிப் பிள்ளை எழுதியிருந்தது கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். சட்டம் போயிற்று. பிறகு அடியில் இருந்ததையும் அதற்கு அடியில் இருந்ததையும் பட்டாணி உரிப்பதுபோல உரித்துப் போட்டேன். கடைசியில் கடிதங்களின் வரிசை தெரிந்தது. சாம்பார்க் கடிதமும் அதில் பத்திரமாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விடவில்லை மகள். இப்போதே மாற்றாவிட்டால் நாளைக்கும் இதே கதைதான் என்று, அமைப்புகள் என்ற இடத்துக்கு என்னைப் போக வைத்தாள். 'செய்திகளை இதில் திற' என்று போட்டு, கீழே மூன்று இருந்தன. புதிய சாளரம், ஏற்கெனவே உள்ள சாளரம், புதிய கீற்று.

"சாளரம்னா இன்னாடி?"

"ஜன்னலு."

"அத ஜன்னல்னே எழுதறதுக்கு இன்னா? கீத்துன்னா, கூரைக்குப் போடறதா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிறந்தபோதே எங்களுக்குத் தளம் போட்ட வீடு. என் அம்மா வீடு காசிமேட்டில் கீற்றுக் கூரை. தென்னங்கீற்றை ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் வேய்வார்கள், ஆனாலும் ஒவ்வொன்றின் விளிம்பும் வெளியே தெரியும். எந்தக் கீற்று ஒழுகுகிறது என்று பார்த்து அதை மட்டும் உருவலாம். கம்ப்யூட்டருக்குள் யாரோ நம் ஆள் ஒருவர் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதையே அழுத்தினேன்.

இரண்டு கடிதங்களையும் மறுபடி திறந்தேன். ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை. மேலே இரண்டு தலைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடது பக்கம் 'வருகிறேன்'. வலது பக்கம் 'எண்ணூர்'.

வீட்டுக்காரர் காதோரம் சோப்பு நுரையோடு வந்தார். நான் விரலால் காட்டினேன். உதடு அசைய இரண்டு தடவை படித்தார். ஹார்பரில் இடமில்லை, நிலக்கரி இறக்க எண்ணூருக்குப் போகிறோம், அங்கே கேட்டுக்கு வாங்க என்று தெளிவாக இருந்தது.

"சனிக்கெழமையே வந்துகீது. சொல்லக் கூடாதா நீ?"

சொன்னேனே என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு புடவை மாற்றப் போனேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வழி விடாது, உடனே கிளம்பு என்று அவர் வாசலில் நின்று என்னை விரட்ட ஆரம்பித்திருந்தார்.

லாரி நிஜமாகவே வழி விடவில்லை. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அவர் ஆட்டோக்காரருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து முடித்திருந்தார். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பையன் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தான், சாம்பல் படிந்த ஒரு மரத்தடியில், கறுத்து, ஒரு சுற்று இளைத்து. என்னைக் கட்டிக்கொண்டான். மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பஜ்ஜி தின்றான். ராத்திரி முழுக்க டியூட்டி என்று ஆரம்பித்தவன், அந்தப் பேச்சு முடிவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

"எழுப்பு மே. நேரம் போவுதில்ல? இன்னா ஏதுன்னு பேச வாணாமா?" அவருக்கு மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பேச்சு இருந்தது.

"தூங்கட்டும்," என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் எழுந்து போய்க் கடைக்காரரிடம் ரேடியோவைக் குறைக்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்த மெல்லிய குரலில்தான் சொன்னார். பையன் ஒரு தடவை திடுக்கிட்டுக் கண் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனான்.