தட்டாத கை

இன்று துறைமுக வாசல் டீக்கடையில், நிலக்கரிக் கப்பலில் வந்த ரஷ்யர் ஒருவர் என் அருகில் உட்கார்ந்தார். வலது கையை அவரால் நீட்ட முடியவில்லை.

என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டேன். செல்போனில் பேசி, தமிழாக்கிக் காட்டினார். இப்போதுதான் படிக்கக் கற்கிறேன்; எழுத்துக் கூட்டி நானே வாசித்துவிட்டேன்!

ஜூஜுட்சு என்ற ஜப்பானிய மல்யுத்தத்தில் வீரராம். இறுதிப் போட்டியில் எதிராளி கையை முறுக்கியிருக்கிறான். தரையில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவானாம். இவர் தட்டவில்லை. முழங்கை முறிந்தது, விளையாட்டும் முடிந்தது.

கடைக்காரர், "ஒரு தட்டு தட்டுனா குறைஞ்சா போயிருவாரு, அண்ணாச்சி?" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் தொழிலில், சங்கு எடுக்கக் கடலில் மூழ்கியவருக்கு மூச்சு முட்டினால் இடுப்புக் கயிற்றை இழுக்க வேண்டும், படகில் இருக்கும் நாங்கள் தூக்கிவிடுவோம். என் தம்பி இழுக்கவில்லை. பிணமாகத்தான் தூக்கினேன்.

வீம்பில்லாத ஊர் உண்டா? தெரிந்தால் எழுதுங்கள். மெதுவாகத்தான் வாசிப்பேன்.