சீப்போடு வந்த முடி

காலை ஆறரை மணிக்கு மகளின் தலையை வாரிய என் மனைவி, சீப்போடு கொத்தாக வந்த முடியைக் காட்டினாள். புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயம் இடிக்கத் தொடங்கினாள். அந்த நெடியில் நான் வளர்ந்த வவுணதீவு வீடு நினைவில் திரும்பி வந்தது. முடி கொட்டிய என் தங்கச்சியை மடியில் அமுக்கி, அம்மா அவள் தலையில் வெங்காயம் தேய்த்தார். "கத்தாத மகள், புழு சாகவேணும்." தலை புண்ணாகிச் சீழ் வைத்தது. ஆறிய இடத்தில் பிறகு முடியே முளைக்கவில்லை.

நான் மனைவியின் கையைப் பிடித்தேன். "அப்போதிக்கரி வந்து தலையப் பாத்து மருந்து சொல்லட்டும்."

"அதுவரைக்கும் புழு சும்மா இருக்குமா?"

மத்தியானம்தான் அவர் வந்தார்; அதுவரை வெங்காயம் உரலிலேயே கிடந்தது. மகளின் தலையை வகிர்ந்து பார்த்தார்.

"புழுவெட்டெண்டா பொட்டுப் பொட்டாக் கொட்டும், இது அப்படி இல்லையே. மாரி மழைக்குள்ள காய்ச்சல் கிடந்ததா?"

"ஓம் ஐயா, மலேரியா" என்றாள் மனைவி.

"அந்தக் காய்ச்சலுர வேலைதான் இது. தானா முளைக்கும், புள்ள. தலைய மட்டும் சும்மா விட்டிருங்க."