வயிறு அடங்கவில்லை

சினைப்பட்ட மாட்டைப் பெருநாள் குர்பானுக்கு அறுக்கக் கூடாது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாவடிப்பள்ளியில் நான் பசு வாங்கியபோது, விற்றவர் மலடு என்று சத்தியம் பண்ணித்தான் தந்தார். அறுக்க வந்தவரும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “புல்லுத் திண்ட வயிறு மச்சான்” என்று சிரித்தார்.

கால்களைக் கட்டி, தொழும் திசையான கிப்லாவுக்கு முகம் திருப்பிக் கிடத்தினோம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை இழுத்தார். இரத்தம் பீறிட்டு என் சாரனை நனைத்தது. பின்னங்கால் கயிற்றை அறுத்துக்கொண்டு உதைத்ததில், பிடித்திருந்த என் தம்பி வேலியில் போய் விழுந்தான். அறுந்த தொண்டைக்குள் மூச்சு நுரைத்தது. பிறகு கால்கள் நீண்டு விறைத்தன. கண்ணைத் தொட்டாலும் இமை அசையவில்லை.

துடிப்பு முழுதாக அடங்கும்வரை தோலில் கத்தி வைக்கக் கூடாது என்பது மார்க்கம். குந்திக் காத்திருந்தோம். எல்லாம் அடங்கியும் வயிறு மட்டும் அடங்கவில்லை.

“வாயு மச்சான் அது. செத்த மாட்டிலயும் ஓடும்” என்றார் அறுத்தவர்.

இறைச்சிக்குச் சட்டி கொண்டுவந்த என் மனைவி குனிந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து அவரிடம் சத்தம் போட்டாள். “வாயு உதைக்குமா காக்கா? உள்ளுக்குக் கண்டுக்குட்டி கிடக்கு! கெதியாக் கிழிங்க!”

ஒரே இழுப்பில் கிழித்தார். குடல் ஆவி பறக்க மணலில் சரிந்தது. ஈரல், இரைப்பை, சுவாசப்பை எல்லாம் அல்லாஹ் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. ஒன்றிலும் உயிர் இல்லை. அவற்றுக்குள் வெள்ளைப் பை ஒன்று மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. அதையும் கீறியதும் கன்று வழுக்கி விழுந்தது. நாக்கு நீலம், மூச்சில்லை. நெஞ்சு மட்டும் அடித்தது.

என் குர்பான் கூடவில்லை, அது வெறும் இறைச்சிதான் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

அறுத்தவர் கத்தியைத் துடைத்தார். “இது தங்காது தங்கச்சி. உசிர் இரிக்கக்குள்ள அறுத்திருவம். இல்லாட்டி வீணாப் போயிரும்.”

“கத்தியக் கீழ வையுங்க! என்ட வளவுக்குள்ள இண்டைக்கு ஒண்டு அறுத்தது போதும்.”

சொல்லிக்கொண்டே கன்றின் வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்தாள். நான் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். அவள் அதன் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். யா அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை. வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுக் குடைந்தாள். கன்று தும்மியது. விலா எலும்பு மேலே எழும்பியது. இறங்கி, மீண்டும் எழும்பியது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று முதலில் சொன்னவர் கத்தி பிடித்தவர்தான்.

தாயின் தோலை உரித்து மணலில் விரித்தபோது கன்று எழுந்துவிட்டது. விழுந்து விழுந்து நடந்து நேரே அந்தத் தோலிடம் போனது. மடி இருந்த இடத்தை மோந்து, பாலுக்கு முட்டத் தொடங்கியது.

“தோல எடுங்களன்!” என்று என் மனைவி கத்தினாள்.

ஒருவரும் அசையவில்லை. நான்தான் போய்த் தோலைப் பிடித்து இழுத்தேன். வாயை எடுக்காமல் கன்றும் கூடவே வந்தது.