காசு றம்ஸீனின் யானைக் காசு

கல்முனைக்கு வந்து றம்ஸீன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் வழி சொல்லமாட்டார்கள். எந்த றம்ஸீன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஐஸ் றம்ஸீன் இருக்கிறார், தையல் றம்ஸீன் இருக்கிறார், வாயை மூடத் தெரியாத புறோக்கர் றம்ஸீன் ஒருவரும் இருக்கிறார். ‘காசு றம்ஸீன்’ என்றால்தான் எங்கள் ஒழுங்கைக்குக் கை காட்டுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய பணக்காரர் என்று நம்பி, மதரஸா கட்ட உதவி கேட்டு வந்தவர்களும் உண்டு. வந்து பார்த்தால் இவர் எண்ணெய்க் கையோடு பழைய தண்ணீர்ப் பம்பு ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருப்பார்.

நான் நஸ்லின், இந்தக் காசு றம்ஸீனின் பொஞ்சாதி. இவருக்குத் தொழில் பம்பு திருத்துவது. உயிர் பழைய நாணயம். சம்மாந்துறை, வீரமுனைப் பக்கத்து வயல்காரர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது, உழவில் கிளம்பிய காசையும் சாரன் மடிப்பில் முடிந்துகொண்டு வருவார்கள். இவர் பம்பை ஒரு மூலையில் தள்ளிவிட்டு லென்ஸைக் கண்ணில் வைப்பார். இது ஒல்லாந்தர் காசு, இது வெள்ளைக்காரன் காசு, இது நேற்று அடித்த கள்ளக் காசு என்று இவர் சொன்னால் அதுதான் முடிவு. ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இந்த மனிசனுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மரியாதை இல்லாமல் இருக்க முடியாது.

காசை ஓரத்தில்தான் பிடிப்பார். நான் ஒருநாள் முந்தானையால் ஒன்றைத் துடைக்கப் போக, பாம்பைக் கண்டவர்போல் கத்தினார்.

“தொடாதகா! காசுட கறுப்பு அதுட தோல். தோல உரிச்சா அது செத்த காசு. அதுக்குப் புறகு அத ஒருத்தனும் மதிக்கமாட்டான்.”

“அப்ப கடைக்கு வாற ஆக்களுக்கும் இத சொல்லலாமே?”

“ஏன் சொல்லணும்? அவனுகள் தேய்க்கட்டும். தேய்க்காத காசு என்னட்ட மட்டும் இரிக்கட்டும்.”

இதுதான் இவர். நல்ல மனிசன், அல்லாஹ்வுக்குப் பயந்தவர், ஆனால் அடுத்தவன் கையில் நல்ல காசு ஒன்றைக் கண்டால் முகம் கறுத்துப்போகும். நானும் ஒன்றும் வானத்து மலக்கு இல்லை. எனக்கும் பொறாமை வரும். எனக்கு வருவது காசில் இல்லை, என் தங்கச்சி றுஸ்னாவில். அதை எங்கே மறைக்க? ஒரே வளவுக்குள் அவளுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு கிணறு. உம்மா பெண் பிள்ளைகளுக்கென்று பிரித்துக் கொடுத்த வளவு. அவள் வீட்டுக் கதவு பெரியது. அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவள் பிழை செய்தால் ஊரே “பாவம், சின்னப் பிள்ளை” என்னும். அவளுக்கும் நரை வந்துவிட்டது, இன்னும் சின்னப் பிள்ளைதான்.

நான் செய்த ஒரேயொரு பிழையை மட்டும் ஊர் மறக்கவில்லை. மறக்க இவர் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிச்சை கேட்டு மிஸ்கீன் ஒருவர் வாசலில் வந்து ஸலாம் சொன்னார். மேசையில் கிடந்த சில்லறையை அப்படியே அள்ளிக் கொடுத்தேன். அதற்குள் இவருடைய ஒல்லாந்தர் செப்புக் காசு ஒன்று கிடந்திருக்கிறது. அன்று தொடங்கியது. கடைக்கு வருகிறவன், கலியாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவன், எல்லோரிடமும் அதே கதை. “என்ட பொஞ்சாதி எப்பிடிப்பட்ட கொடையாளி தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். கேட்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நான் குசினிக்குள் நின்று பல்லைக் கடிப்பேன். றுஸ்னாவும் சிரிப்பாள், கன்னத்தில் குழி விழ.

இனி பாயிஸ். றுஸ்னாவின் மாப்பிள்ளை, இவருக்குச் சகலன். கட்டாரில் இருந்துவிட்டு வந்து சாய்ந்தமருதில் போன் கடை போட்டிருக்கிறார். இவரை “காக்கா, காக்கா” என்று அண்ணனைப்போல் மரியாதையாகக் கூப்பிடுவார். காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கும் இவரைப் பார்த்துத்தான் பிடித்தது. அதில் இவருக்கு முதலில் பெருமைதான். ஆனால் பாயிஸ் ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு, கண்ணாடிபோலத் தெளிவு, திறக்க முடியாதபடி ஒட்டியது. உள்ளே ஒரு செப்புக் காசு. மேலே ஒரு சீட்டில் காசின் பெயரும் ஒரு நம்பரும்.

“என்ன இது?”

“தரம் போட்டு வந்திரிக்கி காக்கா. கொழும்புல ஒரு ஏஜென்ட் இரிக்காரு, அவர் அமெரிக்காக்கு அனுப்புவாரு. அங்க இதையே தொழிலாச் செய்ற ஆக்கள் பாத்து, மெய்யான காசா, எவ்வளவு தேஞ்சிரிக்கி எண்டு எழுபதுக்குப் புள்ளி போடுவாங்க.”

“ஏன், நான் பாத்துச் சொன்னாப் போதாதா?”

“எங்களுக்குப் போதும் காக்கா. லண்டன்ல இரிக்கிறவன் ஒங்களக் கண்டானா? இந்தப் பெட்டியக் கண்டா அவன் நம்புவான். நாம சத்தியம் பண்ணத் தேவல்ல.”

பாயிஸ் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இவருக்கு அதிகம் குத்தியது. அன்றிலிருந்து பெட்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டி றுஸ்னா வீட்டுக்குப் போனார்கள். இவர் பம்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, யார் யார் போகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தில் கணக்கெடுப்பார். றுஸ்னா அனுப்பும் கறியில் உப்புக் கூட என்பார். அடுத்தநாள் உப்புக் காணாது என்பார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் றுஸ்னா புதுக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாளே, அந்தக் கோப்பை எப்போது வாங்கினாள்?

இதற்குள் இருக்கும் பெரிய விஷயம் யானைக் காசு. வெள்ளி ரிக்ஸ் டொலர், வெள்ளைக்காரன் காலத்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் நடக்கும் யானை. எங்கள் உம்மாவிடம் இரண்டு இருந்தன. மூத்த மருமகனுக்கு ஒன்று, இளைய மருமகனுக்கு ஒன்று என்று கலியாணத்தன்று கையில் வைத்தா. இரண்டும் அட்டக் கறுப்பு. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பாயிஸ் கலியாணத்தில் இவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “அவன்ட காசுல யானைட காது மடிப்புக்கூட அப்பிடியே இரிக்கி. எனக்குத் தந்தது கொஞ்சம் தேஞ்சது.” மூத்த மருமகனுக்குத் தேய்ந்த யானை. அந்த முள் அன்று குத்தியது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது நான்கு பேரும் றுஸ்னா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாயிஸ் யானைக் காசைக் கொண்டுவந்து வைத்தார்.

“காக்கா, இத அனுப்பப் போறன். கறுத்துக் கெடக்கு. இப்பிடியே அனுப்பவா, தேய்ச்சு அனுப்பவா? ஒங்களுக்குத்தான் தெரியும்.”

இவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“தேய்ச்சே அனுப்பு. கறுப்பா அனுப்பினா நம்மள ஊத்தைப் பிடிச்ச சனம் எண்டு நினைப்பானுகள். பளிச்செண்டு இரிக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் குசினி வாசலில் வைத்துக் கேட்டேன். “தோல உரிச்சாச் செத்த காசு எண்டு நீங்கதானே சொன்ன?”

“கேட்டான், சொன்னன். ஒனக்கென்ன?”

“நான் போய்ப் பாயிஸ்ட்டச் சொல்லட்டா?”

“போ. போய்ச் சொல்லு. ஒன்ட புருஷன் பொறாமை பிடிச்சவன் எண்டும் சேத்துச் சொல்லு.”

நான் போகவில்லை. போகத்தான் வெளிக்கிட்டேன். கிணற்றடியில் றுஸ்னா புதிய சல்வாரைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

பாயிஸ் தேய்க்கவில்லை. அவருக்கு நேரம் எங்கே? மறுநாளே ஏஜென்ட் போன் எடுத்து, இன்றைக்கு அனுப்பினால்தான் இந்தத் தடவைப் பொதியில் சேரும் என்று சொல்ல, கறுப்புக் காசைக் கறுப்பாகவே கூரியரில் போட்டுவிட்டார். இவருக்கு அது தெரியாது. இவர் தன்னுடைய காசையும் அனுப்ப யோசித்து, அலுமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கைக்கெட்ட மேசையில் இருக்கும் பித்தளை வெற்றிலைத் தட்டில், வட்டாவில், வைப்பார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை, வட்டா சும்மா அழகுக்கு இருக்கிறது.

பெருநாளைக்கு முதல் நாள் இரண்டு வீட்டுப் பித்தளையையும் கிணற்றடியில் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பது எங்கள் வழக்கம். உம்மா இருக்கும்போதே அப்படித்தான். ஒரு வருசம் நான், ஒரு வருசம் அவள். இந்த வருசம் அவள் முறை. நான் பிள்ளைகளின் உடுப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அவள் என் வீட்டுக்குள் போய்ப் படிக்கத்தையும் செம்பையும் வட்டாவையும் அள்ளியிருக்கிறாள். வட்டாவுக்குள் யானைக் காசு.

நான் திரும்பி வந்தபோது பித்தளை எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. றுஸ்னா கை முழுக்கப் புளியும் சாம்பலுமாக ஓடிவந்தாள். இவரும் அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார்.

“மச்சான், கண்ண மூடுங்க!”

இவருடைய உள்ளங்கையில் யானைக் காசை வைத்தாள். அல்லாஹ்வே, அந்தக் காசு புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

“எங்கட இவர் அவர்ட காசத் தேய்க்காமலே அனுப்பிட்டாரு. நீங்க எவ்வளவு சொன்ன! அதான் ஒங்கடயாவது பளிச்செண்டு இரிக்கட்டும் எண்டு தும்பால நல்லா அழுத்தித் தேய்ச்சன். யானைட வயித்துக்குக் கீழேயும் விடல்ல.”

இவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. காசை ஓரத்தில் பிடிக்கவில்லை. கையை அப்படியே மூடிக்கொண்டார்.

“நல்லா இரிக்கி றுஸ்னா,” என்றார். பெருநாள் அன்று வட்டிலப்பத்தைத் தொடவில்லை. பல்வலி என்றார்.

பெருநாள் கழிந்து பாயிஸ் வந்தார். “காக்கா, ஒங்கட யானையையும் தாங்க, அனுப்புவம். செலவு என்ட பெருநாள் அன்பளிப்பு.” எப்படி மறுப்பது? என்ன காரணம் சொல்வது? ஒரு உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கொடுத்த பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ நீண்டது. தேய்த்தது அமெரிக்காக்காரனின் கண்ணில் படக்கூடாது என்று கேட்டிருப்பார். நானும் கேட்டேன், பொய் சொல்வானேன்.

வேறு வேறு பொதியில் போன இரண்டு காசையும் ஏஜென்ட் ஒன்றாகச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். பாயிஸ் வீட்டில் கதிரைகள் போதாத அளவுக்கு ஆட்கள். பாயிஸின் காசுக்கு அறுபத்து மூன்று. கைபடாத காசுக்கு வரும் தரம் என்றார்கள். மாஷா அல்லாஹ் என்று எல்லோரும் சொல்ல, நானும் சொன்னேன். அடுத்தது இவருடையது. பெட்டி அதே பெட்டி, சீட்டு அதே சீட்டு, நம்பர் மட்டும் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், மெய்யான காசு, ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று இருந்ததாம். பாயிஸ் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“காக்கா, இத ஆரு தேய்ச்ச?”

றுஸ்னா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். உள்ளே வரக் காலெடுத்தவள் பின்வாங்கினாள். நான் இவரைப் பார்த்தேன். சொல்லட்டும், சபையில் வைத்துச் சொல்லட்டும், அவளும் ஒருதரம் அனுபவிக்கட்டும் என்று என் மனசு துள்ளியது.

“நான்தான் தேய்ச்ச,” என்றார் இவர்.

பாயிஸுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. “மெய்தான், எனக்கும் தேய்க்கத்தானே சொன்ன? அல்லாஹ் காப்பாத்தினான், எனக்கு நேரம் கிடைக்கல்ல.” பிறகு அவர், பாவம், நல்ல மனசோடுதான், சபையில் வைத்து இவருக்கு விளங்கப்படுத்தினார். ஏஜென்ட் சொன்னாராம், பழைய காசின் கறுப்பைக் கழற்றவே கூடாதாம், தேய்த்தால் அந்தக் கீறல் லென்ஸில் தெரியுமாம், பிறகு என்ன செய்தாலும் திருத்த முடியாதாம். காசு றம்ஸீன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “அப்பிடியா? எனக்குத் தெரியாமப் போச்சே,” என்றார். சுற்றியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதோடு முடிந்தது. வயல்காரர்கள் பம்பை எங்களிடம் இறக்கிவிட்டுக் காசைப் பாயிஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். ஒழுங்கையில் ‘பம்பு றம்ஸீன்’ என்று ஒருவன் கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். இவர் அதற்கும் “ஓம்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். “நான் ஒரு செப்புக் காசக் கொடுத்ததுக்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்ச. அவள் ஒங்கட யானையவே சாகடிச்சாள். அவளுக்கு மட்டும் என்ன?”

“அவள் என்ட சொல்ல நம்பித்தானே தேய்ச்ச.”

“அப்ப நான்? நான் மட்டும் அந்தக் காசெண்டு தெரிஞ்சா மிஸ்கீனுக்குக் கொடுத்த? எனக்குப் பொறாமையா இரிக்கி. அவளுக்காக நீங்க பொய் சொன்ன. எனக்காக ஒரு நாளாவது வாய மூடினீங்களா?”

அழுதுவிட்டேன். இவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து நாலைந்து பேர் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். பாயிஸும் இருந்தார். றுஸ்னா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் கேட்டார், “காக்கா, அந்த மிஸ்கீன் கதையச் சொல்லுங்களன், கேட்டுக் கனகாலம்.”

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“அது நஸ்லின் கொடுக்கல்ல,” என்று இவர் குரல் கேட்டது. “நான்தான் கவனமில்லாமக் கொடுத்த. பழிய அவள்ட தலையில போட்டுட்டன்.”

ஒருவரும் நம்பவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் வல்லாஹி என்று சத்தியம் பண்ணவில்லை, பொய்ச் சத்தியம் பண்ணமாட்டார், ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. கிணற்றடியில் கப்பிச் சத்தம் நின்றிருந்தது. றுஸ்னா வாளியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? அவள் கேட்டாள், எனக்கு அது போதும்.