பித்தளை அண்டாவில் ஒரு பகல்

மீன்தொட்டி ஒரு மூலையில் ஒழுகத் தொடங்கியது. கீழே விரித்திருந்த சாக்கு நனைந்தது, பிறகு வெள்ளையாய் உப்புப் பூத்தது. துணியைத் திணித்து அடைத்தேன். மறுநாள் ஈரம் இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தது. என் கணவர் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கென்று அவருக்கு மிச்சமிருந்தது அந்தத் தொட்டி மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் சவுக்குத் தோப்புகளை வெட்டிய இடங்களில் தகரக் கூரைகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் ஃபிட்டர். தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் போன வலது கையிலிருந்து மூன்று விரல்கள் திரும்பி வரவில்லை. காயம் ஆறிவிட்டது என்றார் டாக்டர். அவர் ஆறவில்லை. நாலு மாதமாகக் கையைத் துண்டில் சுற்றி விலாவுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார். எனக்குக்கூடக் காட்டியதில்லை. காலையில் ஒரே ஒரு கேள்வி: "மீனுக்குத் தீனி போட்டியா?" அந்தக் கேள்விக்காகத்தான் கண் விழிக்கிறாரோ என்று இருக்கும். அதுவும் நின்றுபோய்விடக் கூடாதே என்று, கேட்ட கையோடு தீனி டப்பாவை எடுத்துக் காட்டுவேன்.

தொட்டிக்குள் ஒரு துண்டுக் கடல் இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனபோது அவர் வாளியில் வைத்து, ரயிலில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்தது. பவளப்பாறைத் துண்டுகள் நாலு. அதில் ஒன்றின்மேல் ஒரு கடல்சாமந்தி. பூ என்று பெயரே தவிர, அது தின்னும், சுருங்கும், கொட்டும். எல்லா மீனையும் கொட்டுகிற அதன் கைகள் இரண்டு ஆரஞ்சு வரிமீன்களை மட்டும் ஏந்தி வைத்திருக்கும். பெரிது ஒன்று, சின்னது ஒன்று. அதற்குள்தான் அவை உறங்கும், அதற்குள்தான் பயப்படும்.

மாற்றுவதற்குப் பெரிய தொட்டி ஒன்று தயாராகவே இருந்தது. ஆங்கிள் இரும்பில் சட்டம், கண்ணாடி, இடுக்கில் லப்பம், இரும்பு தெரியாதபடி தார். விபத்துக்கு முந்தின வாரம் முடித்தது. பத்து விரல்களால் அவர் செய்த கடைசிப் பொருள்.

தண்ணீர் பழவேற்காட்டிலிருந்து வந்தது. தினமும் பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்கார அக்கா நாலு நாளாய்க் கேன்களையும் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஏரித் தண்ணீர் வேண்டாம், முகத்துவாரம் தாண்டிக் கடலில் மொள்ள வேண்டும் என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கண்டக்டரு கேக்கறான், இன்னாம்மா கேன்லன்னு. தண்ணின்னேன். ஏன், கும்மிடிப்பூண்டில தண்ணி இல்லியான்னான். இது மீனுக்கு நைனான்னேன். அந்தாண்ட போய் ஒக்காந்துக்கினான்."

கேனை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஊரு ஒலகத்துல மீனைப் புடிச்சா கொயம்பு வெப்பாங்க. நீங்க இன்னாடான்னா அதுக்கு ஊடு மாத்திக்கினு கீறீங்க!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். நான் திரும்பினேன். சிரிப்புதான்.

"சிரிச்சாரா?" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

"சிரிச்சாருக்கா."

"அப்போ மாத்திடு. மொத வேலையா மாத்திடு."

அன்று காலை கட்டிலிலிருந்தே எல்லாம் சொன்னார். பழைய தண்ணீரைக் கொட்டாதே. மணலை முதலில் மாற்று, கலங்கும், தெளியவிடு. கல்லெல்லாம் வாளியில் இருக்கட்டும். "இரும்பு கிரும்பு ஒண்ணும் படக் கூடாது, பாத்துக்கோ."

வீட்டில் பிளாஸ்டிக் வாளி இரண்டுதான். இரண்டிலும் கற்கள் நிறைந்துவிட்டன. பூ ஒட்டியிருந்த கல்லை இன்னொரு கல்லோடு நெருக்க மனம் வரவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவை இறக்கினேன். புளியும் சாம்பலும் போட்டு என் முகம் தெரியும்வரை தேய்த்து, மூன்று முறை அலசி, கொல்லையில் நிழலில் வைத்து, கடல் தண்ணீரை ஊற்றி, பூவையும் மீன்களையும் அதில் விட்டேன். உலகத்தில் இரும்பென்றும் செம்பென்றும் உலோகங்கள் இருப்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அண்டா எனக்கு உலோகமாக இருந்ததேயில்லை. அது சீர். வீட்டிலேயே உயர்ந்தது அதுதான், உயர்ந்ததைத்தான் கொடுத்தேன்.

முதலில் பூ விரிந்தது. பொன்னிறத்தின் நடுவே இரண்டு ஆரஞ்சுச் சுடர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டவேண்டும்போல இருந்தது. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பெரிய தொட்டி பால்போலக் கலங்கியே கிடந்தது. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தேன், பூ சுருங்கியிருந்தது. கூச்சம் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு அதன் வாயின் உட்புறம் வெளியே பிதுங்கி, வெள்ளை நூல்கள் தண்ணீரில் அலைந்தன.

"பூவ எதுல வெச்சிகீற?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"அண்டாவுல."

"எந்த அண்டா?"

"பித்தளைதான். புளி போட்டு நல்லா தேச்சி..."

அவர் கத்தவில்லை. சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார். "பித்தளையிலேர்ந்து செம்பு எறங்கியிருக்கும்" என்றார் சுவரிடம். "மீனு தாங்கும். பூவு தாங்காது."

"நீங்க இரும்புன்னுதானே சொன்னீங்க..."

"ஆமா. நான்தான் சரியா சொல்லல."

திட்டியிருக்கலாம். பூவையும் மீன்களையும் கலங்கலோடு கலங்கலாய்ப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், கேனில் மீந்திருந்த கடல் முழுவதையும் ஊற்றினேன். மறுநாள் காலை வாடை வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பூவாக இருந்த, கையால் அள்ள முடியாத கொழகொழப்பை மக்கில் மொண்டு எடுத்தேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், இன்னொரு பூ எப்படியாவது கொண்டுவா என்று.

"எங்க பக்கம் அது ஏதும்மா? நண்டு கேளு, எறா கேளு. இதுக்கு நான் எங்க போவேன்?"

பெரிய தொட்டியில் மீன்கள் மேல்மூலையில் ஒண்டிக்கொண்டு கண்ணாடியோடு உரசி நடுங்கின. போட்டதைத் தின்னவில்லை. சைக்கிள் ட்யூபைக் கீற்றுக் கீற்றாய் வெட்டி, கொத்தாகக் கட்டிக் கல்லில் சொருகினேன். திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு காலைகள் அந்தக் கேள்வி வரவில்லை. நானே சொன்னேன், "மீனுக்குப் போட்டேன்." சுவர் கேட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள், குழாயடியிலிருந்து குடத்தோடு வாசலேறினேன். கட்டில் காலியாயிருந்தது. துண்டு தரையில். அவர் தொட்டியருகே நின்றிருந்தார், வலது கை முழங்கைவரை தண்ணீரில்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். இரண்டு விரல்கள். மற்ற மூன்றின் இடத்தில் புதுத்தோல் பளபளக்கும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பெரிய மீன் தன்னை வைத்து வைத்துப் பார்த்தது, விலகியது, வந்தது, விலாவைத் தேய்த்தது, அங்கேயே நின்றது.

"உப்புத்தண்ணி எரியுதா?"

"எரியுது."

"எடுத்துருங்களேன்."

"எடுத்தா அது எங்க போவும்?"

குடத்தை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். பிறகு முக்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டேன். உட்கார்ந்தார். கையை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. மேல்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னது இன்னும் வரல" என்றார்.