அட்டைக்குக் கோத்த பெயர்

சேவியர் அண்ணா, உன் கதைப் புத்தகத்துக்கு அச்சுக்கோத்த அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கவயல் சுரங்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்து, சொந்தக் கூலியில் முதல் புத்தகம் போட நினைத்தாய். கண்டோன்மென்ட்டில் அச்சாபீஸ் வைத்திருந்த அவர், உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். ஈய எழுத்தைக் கோக்கும்போதே உன் கதையை உரக்கப் படித்துச் சிரிப்பார்.

"சொரங்கத்துக்காரன் கதைய இந்த ஊர்ல எவன்யா படிப்பான்? கல்யாணப் பத்திரிகைன்னா நாலு பேராவது படிப்பாங்க."

புத்தகம் முடியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பத்திரிகை அடிக்க நான்தான் போனேன். உன் கதைகளைக் கலைத்துவிட்டு, அதே ஈய எழுத்துகளில் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ கோத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மனுஷன்தானா? எங்க அண்ணன் புத்தகம் என்ன ஆகறது?"

"எழுத்து கம்மிம்மா. முகூர்த்த மாசம் வேற," என்றபடி, அலமாரியிலிருந்து நூல் சுற்றிய எழுத்துக்கட்டு ஒன்றை எடுத்தார். புத்தக அட்டைக்காகக் கோத்த உன் பெயர். "இத அப்படியே ஜெபப் பத்திரிகைல ஏத்திடறேன். இதையாவது எல்லாரும் படிக்கட்டும்."

எல்லாவற்றையும் கலைத்தவர் அதை மட்டும் ஏன் வைத்திருந்தார்? எனக்குத் தெரியவில்லை. உன் பெயர் அச்சில் வந்தது அந்த ஜெபப் பத்திரிகையில் மட்டும்தான். இதைப் படிக்கிறவர்கள் எங்கள் சேவியர் அண்ணனுக்காக ஒருமுறை ஜெபியுங்கள்.