இல்லாத மாட்டின் குளம்பு

பெங்களூர் வைட்ஃபீல்டில், ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியின் உதவி எண்ணில் மூன்று வருடம் தமிழ் பேசிக்கொண்டிருந்தேன். தீவனம் வாங்குகிறவர்கள் மாட்டுக்கு ஏதாவதென்றால் எங்களைக் கூப்பிடலாம். கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து காலையில் வேனில் ஏறினால் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி ஹெட்போனுக்கு.

முதல் வாரமே ஒரு காகிதத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். குளம்பு, அடிக்குளம்பு, குளம்பிடுக்கு, குதி, லாடம். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. வளர்ந்தால் சீவ வேண்டும், வெடித்தால் கழுவிக் கட்ட வேண்டும், இடுக்கில் புண்ணும் வாயில் எச்சிலும் சேர்ந்து வந்தால் கோமாரி. பக்கத்து இருக்கையில் கன்னட அழைப்புகளை எடுப்பவள் குளம்புக்கான கன்னடச் சொல்லை, "கொரசு, கொரசு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவளும் என்னைப் போலப் பாலைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை கால் சூப்புக்குக்கூட எங்கள் கறிக்கடைக்காரர் குளம்பைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வீட்டில் ஒரே கறவை மாடு. பின்னங்கால் குளம்பு நீண்டு மடங்கி, தாங்கித் தாங்கி நடக்கிறதாம். காகிதத்தில் இருந்தபடி கேட்டேன். வலதா இடதா, உள்குளம்பா வெளிக்குளம்பா, இடுக்கில் புண் உண்டா. அவளுக்கு ஆச்சரியம்.

"மேடம், நீங்க மாடு வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா, ஒண்ணு இருக்கு."

ஆமாம் என்றால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். அவ்வளவு அலுப்பு. முடியவில்லை, மேடம் போய் அக்கா வந்தது.

"டாக்டர் வர நாலு நாளு ஆவுமாம்க்கா. எங்க வூட்டுக்காரரே சீவட்டுமா? உங்க மாட்டுக்கு எவ்ளோ சீவுவீங்க?"

கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லவும் என்று திரையில் தெளிவாக எழுதியிருந்தது. மாடு வைத்திருப்பவள் அதைப் படித்துக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? "கட்டைவிரல் அளவுக்குச் சீவச் சொல்லுங்கம்மா, ஒண்ணும் ஆகாது. நானும் அப்படித்தான் செய்வேன்" என்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை.

மூன்று வாரம் கழித்து, மாடு வைத்திருக்கிற அக்காவிடம்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து என் லைனுக்கு வந்தாள். சீவிய இடத்தில் ரத்தம் வந்து, சீழ் பிடித்து, மாடு படுத்தேவிட்டதாம்.

"அடிமாட்டுக்குக் குடுத்துட்டோம்க்கா. தூக்கித்தான் வண்டியில ஏத்துனாங்க."

நான் சொன்ன அளவு தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் மாடே இல்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்ததுதான் இன்னும் கேவலம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எனக்காகப் பேசினாள்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எங்க வூட்டுக்காரர்தான் அவசரப்பட்டு அதிகமா சீவிட்டாரு போல. அதுக்கு அவரோட ஒரு வாரமா பேச்சில்ல."

அழைப்பை முடிக்கும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனேன்.

"உங்க மாடு நல்லா இருக்குதாக்கா?"

"இருக்கும்மா."

"அதோட கால அப்பப்போ தூக்கிப் பாருங்க. நாங்க பாக்காம வுட்டுட்டோம்."

பார்க்கிறேன் என்று சொன்னேன்.